ஒழுகாத கூம்பு

இரும்பு கடையும் லேத் மெஷின் வீட்டுக்குள் வருவதற்காக முன்னறையிலிருந்து முதலில் கட்டிலை வெளியேற்றினார்கள். பிறகு துணி அலமாரி போனது. கடைசியாக, ஜன்னல் வெளிச்சம் பார்த்துப் போட்டிருந்த அவளுடைய தையல் மெஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த இடுக்கில் வைத்தார்கள்.  அவள் தைத்து முடிக்க வேண்டிய தலையணை உறைகளை மட்டும் கைநிறைய அள்ளிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

லாரியிலிருந்து இறக்கிய மெஷின் வாசலில் பலகைமேல் நின்றது. பலகைக்குக் கீழே உருளைகளாக இரும்புக் குழாய்கள். பின்னால் நின்று கடப்பாரையால் நெம்பியது அவளுடைய அண்ணன். மோட்டார்களுக்குக் காயில் சுற்றுவது அவருக்குத் தொழில். உடம்பு பருமன், பேச்சு அதைவிடப் பருமன்.

“மாப்ள, தள்ளி நில்லுங்க. உங்க கால்மேல ஏறுச்சுன்னா தங்கச்சி என் கழுத்துமேல ஏறிடுவா.”

“இத்தன வருஷத்துல இது என்னை ஒரு தடவ மிதிச்சதில்ல மச்சான். நீங்க உங்க காலப் பாத்துக்கங்க,” என்றார் அவள் புருஷன்.

மேல்வீட்டுக்காரம்மா படிக்கட்டில் பாதி இறங்கி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னம்மா, வீட்டுக்குள்ள ரயில் விடப் போறீங்களா?”

“ஆமாம்மா. மொத டிக்கெட் உங்களுக்குத்தான். ஆனா உக்கார எடம் கெடையாது,” என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் புருஷனும் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்து நாளாகியிருந்தது. அதனால் மெஷினின் ஒரு மூலை வாசல் நிலையில் இடித்து மரத்தைச் சிராய்த்தபோதுகூட, போனால் போகட்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

தெருக்கோடியில் இருந்த வால்வுப் பட்டறையில் அவர் லேத் ஓட்டுகிற டர்னராக இருந்தார். தண்ணீர்க் குழாய்களை மூடித் திறக்கும் பித்தளை வால்வுகள் அங்கே தயாராயின. ஒவ்வொரு வால்வுக்குள்ளும் ஒரு கூம்பு இருக்கும். கூம்பின் சாய்வும் அது உட்காருகிற குழியின் சாய்வும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால்தான் தண்ணீர் நிற்கும். லேத்தில் மற்ற வெட்டுகளுக்கெல்லாம் மெஷினே வெட்டுகிற டூலை நகர்த்திக்கொண்டு போகும். இந்தச் சாய்வுக்கு மட்டும் கைதான். டூலைச் சுமந்திருக்கும் மேல் சறுக்கலின் சிறிய கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக, நடுவில் நிறுத்தாமல், ஒரே சீராகச் சுற்ற வேண்டும். மற்றவர்கள் வெட்டிய கூம்பைப் பசை தடவி அரைத்து அரைத்துத்தான் குழியில் உட்கார வைப்பார்கள். அவர் வெட்டியது டூலை விட்டு இறங்கிய சூட்டோடு போய் உட்காரும். பட்டறையில் அவரைச் ‘சொட்டாதவர்’ என்று கூப்பிட்டார்கள். அது பாதி அவருடைய கூம்புகளைப் பற்றியது. மீதி, டீக்கடையில் ஒருநாளும் திறக்காத அவருடைய சட்டைப்பையைப் பற்றியது.

அப்படிப்பட்டவரின் கூம்புகள் ஒழுக ஆரம்பித்தன. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் சாய்வில் மெல்லிய அலைகள் தெரிந்தன, குளத்தில் காற்று அடித்த மாதிரி. மெஷின் தேய்ந்துவிட்டது என்றார் அவர். திருப்பி அனுப்பிய கூம்புகள் ஒரு வாளி நிறைந்தபோது முதலாளி அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, “ஆமாப்பா. மெஷின் முடிஞ்சுபோச்சு. நான் புதுசு எடுக்கிறேன். நீ கொஞ்ச நாள் வீட்ல இரு,” என்றார். புது மெஷின் வந்தது. அதில் வேறு ஆள் நின்றார். இவர் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தார். காலையில் படுத்தவர் சாயங்காலமும் அதே பக்கம் திரும்பிக் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார், தட்டைப் பார்ப்பார், பாதியில் கை கழுவுவார்.

பிறகு ஒருநாள், யாரும் கேட்காமலே, பழைய மெஷினைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் போய் நின்றார். வீட்டில் வைத்துப் பழுதுபார்த்துக் கூம்பு வெட்டிக் கொடுப்பதாகச் சொன்னார். முதலாளி மறுக்கவில்லை. “ஒழுகாம வெட்டிக் குடு, எத்தன குடுத்தாலும் எடுத்துக்கிறேன்,” என்று சொல்லி லாரியையும் அவரே அனுப்பினார்.

அவள் அந்த நல்ல மனசைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பாள், அண்ணன் வேறு ஒன்றைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

மெஷினை இறக்கி முடித்து, டீ குடித்த தம்ளரைக் கழுவக் கொடுக்கிற சாக்கில் அண்ணன் சமையலறைக்கு வந்தார். குரலை இறக்கினார். 

“பட்டறைக்கு மோட்டார் குடுக்கப் போனேன்ல, முதலாளி சொன்னாரு. மெஷின்ல பெரிய குத்தம் ஒண்ணும் இல்லயாம். பழசுதான், கொஞ்சம் தேஞ்சிருக்கு. ஆனா இவர் வராத நாள்ல வேற ஆள நிறுத்தி வெட்டிப் பாத்துருக்காங்க. கூம்பு உக்காந்துச்சாம்.”

அவள் தம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

“கேக்குதா?”

“கேக்குது.”

“கைதான். உனக்குத் தெரியாதா?”

தெரியும். சட்டைப் பொத்தான் போட அவருக்கு நேரமாவது தெரியும். இப்போதெல்லாம் டீயை அரைத் தம்ளர்தான் ஊற்றுகிறாள். அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். பார்த்தால் மடக்கிக்கொள்வார்.

“எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு. நரம்புக்கு. சீக்கிரம் போனா மருந்துல கட்டுப்படுத்தலாம்னு சொல்றாங்க. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“இப்ப வேணாண்ணே.”

“பின்ன எப்ப?”

முன்னறையில் அவர் மெஷினைச் சுற்றி நடந்து, தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்டது. நோயாளிக்குத் தலையணை சரிசெய்கிற மாதிரி மெதுவான சத்தம்.

“இன்னைக்குத்தான் சிரிச்சாரு,” என்றாள் அவள்.

மறுநாள் காலையிலிருந்து வீடு பட்டறையானது. மெஷினைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். கழற்றிய ஒவ்வொன்றும் பழைய செய்தித்தாளில் வரிசையாகப் படுத்தது. முன்னறை நிறைந்து, நடை நிறைந்து, கடைசியில் தையல் மெஷினின் மிதிகட்டைமேலும் ஒரு பல்சக்கரம் ஏறி உட்கார்ந்தது. குளியலறை வாளியில் மண்ணெண்ணெய். அதில் முக்கி, தேய்த்து, துணியால் துடைத்து வைப்பது அவள் வேலை. சோற்றில்கூட மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அவர் வாடையே தெரியாதவராக அள்ளிச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடு என்றார்.

பெயின்ட்டைச் சுரண்டினார். சாம்பல் நிறத்துக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே பச்சை. முன்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் எந்த நிறமும் இல்லாமல் இரும்பு பளபளவென்று இருந்தது. அவர் வயிறு சாய்ந்து நின்ற இடம். “பாத்தியா, நம்ம தொப்பை போட்ட பாலிஷ்,” என்றார்.

பகலெல்லாம் வேலை. வேலைக்கு நடுவே அவர் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து மொத்தமாகப் பேசியதைவிட அதிகமாகப் பேசினார் என்று அவளுக்குத் தோன்றியது.

“இங்க விரல வெச்சுப் பாரு,” என்று மெஷினின் நீளப் படுக்கையைக் காட்டினார். வெட்டுப்பொருளைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில் விரல் லேசாகப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. “எல்லா வேலையும் இங்கதான நடந்துச்சு, இங்கதான் தேஞ்சிருக்கு. அந்தக் கோடியப் பாரு, அப்படியே புதுசு. அங்க யாருமே போகல.”

“அப்ப அந்தக் கோடிக்கே போய் வெட்டிருக்கலாமே.”

“சமையல் பண்ண அடுப்புகிட்டதான வரணும்? குளியலறைக்கா போவ?”

அவள் சிரித்தாள். அவர் கைப்பிடிமேல் கை வைத்திருந்தார். கைப்பிடி மிக மெல்ல, கிணிகிணியென்று ஆடியது. இரண்டு பேரும் கேட்டார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

“இது மெஷின்லேர்ந்து ஏறுனது,” என்றார். “அதிர்வு. இத்தன வருஷம் புடிச்சுட்டே நின்னா கைக்கு ஏறாதா? ஒரு பஸ் டிரைவரப் பாரு, வீட்ல உக்காந்தாலும் கால் மிதிச்சுட்டே இருக்கும். மெஷின் ஆடாம நின்னுச்சுன்னா, அதப் புடிச்சுப் புடிச்சே கையும் நின்னுடும்.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் சந்தேகமே இல்லை. இந்த ஆணி இந்த ஓட்டையில் போகும் என்று சொல்கிற குரல். அவளும் அன்றைக்கு அதை நம்பினாள். நம்பினால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று பாத்திரம் தேய்க்கும்போது நினைத்துக்கொண்டாள்.

படுக்கையின் பள்ளத்தைச் சரிசெய்ய, நேரான இரும்புச் சட்டத்தில் நீல மை தடவி, படுக்கைமேல் வைத்து எடுப்பார். மேடான இடங்களில் நீலம் ஒட்டியிருக்கும். ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டியால் தூசி அளவுக்குச் செதுக்க வேண்டும். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். சுரண்டுவதற்கு உடம்பின் எடையைக் கொடுத்துத் தள்ள வேண்டும். அதில் கை நடுங்க வழியில்லை. அதனால் அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. நீலம் அவள் கன்னத்தில், கதவில், வெள்ளைத் தலையணை உறைகளில் எல்லாம் ஏறியது. உறைகள் வாங்க வந்தவர் ஒரு கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைப் புருஷனிடம் சொல்லவில்லை; கறைபட்டவற்றை வெட்டித் துடைக்கிற துணியாக்கினாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு ராத்திரி ஈரம் பட்டால் காலையில் செதுக்கிய இரும்பில் செந்தூசி படியும். எனவே இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் எண்ணெய்த் துணியால் படுக்கை முழுக்கத் துடைத்து, பழைய போர்வையைப் போர்த்தினாள். மேல்வீட்டுக்காரம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, “புள்ளைக்குக்கூட இப்படிப் போத்திவிட மாட்டாங்க,” என்றாள். சொல்லிவிட்டுப் பிள்ளை இல்லாத வீடு என்று நினைவு வந்து, “மழ விடாது போலருக்கு,” என்று திரும்பிப் போனாள்.

பேரிங்குகள் மாற்றினார்கள். அண்ணன் பழைய மோட்டாரை எடுத்துப் போய் வேறு மோட்டார் கொண்டுவந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினார். குமிழைத் திருப்பினால் சக் தூங்குகிற மாதிரி சுற்றியது. இன்னும் திருப்பினால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியது. “பட்டறை மெஷினுக்கே இந்த வசதி கெடையாது மாப்ள,” என்றார் அண்ணன். அவள் புருஷன் குமிழைத் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்தார்.

முதல் கூம்பை அன்று மாலையே வெட்டினார். வெட்டிய கூம்பை வால்வுக் குழியில் இறக்கி, வால்வைக் கட்டைமேல் நிறுத்தி, அடியில் செய்தித்தாளை விரித்து, மேலே தண்ணீர் ஊற்றினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். தாளில் ஒரு வட்டம் விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் தாளைப் பார்த்தாள்.

“மேல் சறுக்கல் லூஸா இருக்கு,” என்றார் அவர். குரலில் வருத்தம் இல்லை. வேலை கிடைத்த மனிதனின் குரல். “நாளைக்கு அதப் பாப்போம்.”

மேல் சறுக்கலை எப்படி இறுக்குவது என்பதை அவர்தான் அவளுக்குக் காட்டினார், விளக்குப் பிடிக்கச் சொல்லி. சறுக்கலுக்கும் அதன் தடத்துக்கும் நடுவே மெல்லிய இரும்புப் பட்டை ஒன்று செருகியிருக்கும். பக்கவாட்டில் வரிசையாகச் சின்ன ஸ்க்ரூக்கள் அந்தப் பட்டையை அழுத்தும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அசையாமல் பிடிக்க ஒரு நட்டு. அதிகம் இறுக்கினால் சறுக்கல் நகராது. கொஞ்சம் தளர்ந்தால் டூல் ஆடும்.

“உன் தையல் மெஷின்ல நூல் இறுக்குற திருகு இருக்குல்ல, அந்த மாதிரி. கால் சுத்து அங்க இங்க ஆச்சுன்னா தையல் சுருங்கிடும்ல? இதுவும் அதே கதைதான்.”

அவர் இறுக்கினார். நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கடைசி நட்டுவரை இறுக்கினார். சறுக்கலை ஆட்டிப் பார்த்தார். கல் மாதிரி நின்றது.

“அவ்வளவுதான்,” என்றார். “இனிமே இதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில வெட்டிப் பாத்துடுவோம்.”

 நாளைக்குக் காலையில் வெட்டுவார். தாளில் வட்டம் விழும். குத்தம் சொல்ல மெஷினில் ஒன்றும் இருக்காது. பிறகு அவர் எழுந்து போய் எங்கே படுப்பார், எந்தச் சுவரைப் பார்ப்பார் என்பதுவரை அவளுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அவர் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனார். அவள் தைத்துக்கொண்டிருந்த உறையை அப்படியே விட்டு எழுந்தாள். ஸ்பேனரையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்தாள். நடு ஸ்க்ரூவின் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்று பின்னால் திருப்பி, நட்டை மறுபடி இறுக்கினாள். தப்பான காரியம் செய்கிற கை என்று தோன்றாத அளவுக்கு அவள் கை நிதானமாக இருந்தது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் கூம்பு ஒழுகியது. அவர் யோசித்தார். சறுக்கலை ஆட்டிப் பார்த்தார். “அட, தளர்ந்துருக்கு பாரு. புதுசா இறுக்குனா அப்படித்தான், படிஞ்சு வர நாளாகும்,” என்றார். அன்று மத்தியானம் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்படியே ஆரம்பித்தது. அவர் இறுக்குவார், அவள் தளர்த்துவாள். எப்போதும் ஒரே ஸ்க்ரூவைத் தொட மாட்டாள். சில நாள் விட்டுவிடுவாள். அவர் பெல்ட்டிலோ மெஷினின் கால்களுக்கு அடியில் வைத்த தகட்டிலோ வேறு குறை கண்டுபிடித்திருந்தால் அவளுக்கு வேலை இல்லை. குறை எல்லாம் தீர்ந்துபோன நாளில் மட்டும் எழுந்து போவாள். வெளியே மழை பெய்யும். ஓட்டிய தையலில் ஊசி நிற்கும். கையில் நூல் ஒட்டியிருக்கும். நீல உறை தைத்தால் நீல நூல், சிவப்பு என்றால் சிவப்பு. உதறிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவாள்.

அண்ணன் வரும்போதெல்லாம் கேட்டார்.

“இன்னும் சொல்லலையா?”

“மெஷின் முடியட்டும்.”

“மெஷின் எப்பவோ முடிஞ்சிடுச்சு. எனக்கே தெரியுது. நீ என்ன பண்ணிட்டுருக்க?”

அவள் சொன்னாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஒருத்தி செய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அண்ணன் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். 

“அவர் நடக்குறதப் பாத்தியா?” என்றார். “காலத் தூக்கி வெக்கிறதில்ல, தேய்க்கிறாரு. ஒரு கை வீசுது, ஒரு கை வீசல. நீ ஒவ்வொரு தடவ அந்த ஸ்க்ரூவத் திருப்பும்போதும் அது கொஞ்சம் முன்னால போகுது. அத யோசிச்சியா?”

“யோசிச்சேன்.”

“யோசிச்சுமா?”

“டாக்டர்கிட்ட போனா கை பழையபடி ஆயிடுமாண்ணே?”

அண்ணன் முன்னறைப் பக்கம் பார்த்தார்.

“கூம்பு வெட்டுற கை ஆயிடுமா?”

“அது ஆகாது,” என்றார். “கட்டுப்படும். அவ்வளவுதான் சொல்றாங்க.”

“சரி. இப்ப அவர் சாப்பிடுறாரு. தூங்குறாரு. என்னை நூறு தடவ கூப்பிடுறாரு. அதப் புடுங்கிட்டு எத நான் அவர் கையில குடுக்க?”

அவர் ஈரக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பி, “நீ பண்றது தப்பா ரைட்டான்னு எனக்குத் தெரியல. ஆனா நான் இதுக்கு மேல பாத்துட்டுருக்க மாட்டேன்,” என்றார்.

பாத்துட்டுருக்க மாட்டேன் என்றவர் அடுத்த வாரமே ஒரு பெட்டியோடு வந்தார். அவள் புருஷன் சொல்லி வாங்கி வந்தது. சறுக்கலின் பக்கத்தில் ஒரு அளவுச் சட்டம் மாட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்தால், சறுக்கல் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பெட்டி எண்ணாகக் காட்டும். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் கடைசி எண் மாறும். “கண்ணால கோடு எண்ணுற வேலையே கெடையாது,” என்று புருஷன் ஒரு வாரமாக இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் மாட்டிக் கொடுத்து சுவிட்சைப் போட்டார். சிவப்பு எண்கள் எரிந்தன. எல்லாம் பூஜ்யம்.

“தொடுங்க மாப்ள.”

மோட்டார் ஓடவில்லை. அறை அமைதியாக இருந்தது. அவர் கைப்பிடியில் வலது கையை வைத்தார். சுற்றவில்லை, வைத்தார். அவ்வளவுதான்.

கடைசி எண் துடிக்க ஆரம்பித்தது. இரண்டு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று. நிற்காமல் துடித்தது.

அவர் கையை எடுத்தார். எண் நின்றது. கையை வைத்தார். துடித்தது.

“ஒயர் லூஸ் மாப்ள,” என்றார் அண்ணன் அவசரமாக. இதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிப் போன மனிதர். “இந்தப் பெட்டிங்கல்லாம் இப்படித்தான். மழ ஈரம் வேற. நான் எடுத்துட்டுப் போய்ப் பாக்கிறேன்.”

“வேணாம். இருக்கட்டும்,” என்றார் அவர். “ஈரமாத்தான் இருக்கும். காயட்டும்.”

 அன்று அவர் வெகுநேரம் முன்னறையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் ரொட்டியும் முட்டையும் கொண்டுபோய் வைத்தாள். சாப்பிட்டிருந்தார். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த நாள் அவர் மறுபடி சறுக்கலை இறுக்கினார், சக்கைத் துடைத்தார், புதிய பித்தளைத் துண்டை மாட்டி வைத்தார். எல்லாம் வழக்கம்போல நடந்தன. மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் அவளும் வழக்கம்போல எழுந்து போனாள். கடைசி ஸ்க்ரூ. கால் சுற்று.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து மட்டும் நேற்றைய தண்ணீர் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. அவள் பச்சை உறை ஒன்றின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

“இங்க வா. கையக் கழுவிட்டு வா.”

போனாள். பெட்டியில் எண்கள் எரிந்துகொண்டிருந்தன.

“அந்தக் கைப்பிடியப் புடி.”

“நானா? எனக்கு என்னங்க தெரியும்?”

“புடியேன். சும்மா புடி.”

அவள் பிடித்தாள். இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். எல்லாம் பூஜ்யமாகவே நின்றது. அவள் கையைக் கொஞ்சம் ஆட்டலாமா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தாள். கை ஆடவில்லை.

“ஒயர் காஞ்சிருச்சு போல,” என்றாள்.

“ம்.” அவர் குமிழைத் திருப்பினார். சக் சுற்ற ஆரம்பித்தது. துண்டு ஏற்கனவே கூம்பாகப் பாதி வெட்டப்பட்டிருந்தது. சாய்வுக் கோணத்தை அவர்தான் வைத்திருந்தார், டூலைத் தீட்டி மாட்டியிருந்தார், வேகத்தையும் அவரே குறைத்தார். “கடைசி வெட்டு. நீ துணி ஓட்டுற மாதிரி ஓட்டு. அவ்வளவுதான். அவசரப்படாத, நிறுத்தாத.”

“வேணாங்க.”

“ஓட்டு.”

 அவளுக்கு நேற்று மத்தியானம் நினைவுக்கு வந்தது. கடைசி ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. யார் வெட்டினாலும் ஒழுகும். அவள் வெட்டினாலும் ஒழுகும். அந்த நினைப்பில் மூச்சு இறங்கியது. ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொன்னது. இத்தனை மாதமாக அந்த ஸ்க்ரூவையே நினைத்த பழக்கம்.

“மொதல்ல அந்த ஸ்க்ரூவப் பாத்துக்கங்க.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது.

அவர் கோபப்படவில்லை. “பாத்துட்டேன்,” என்றார். “காலையிலயே இறுக்கிட்டேன். கடைசில இருக்குறதுதான?”

தேய்ந்த டூல் துண்டுகள் போட்டு வைக்கும் பழைய பாலிஷ் டப்பாவை எடுத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே எண்ணெயில் ஊறிய நூல் துணுக்குகள். நீலம், சிவப்பு, வெள்ளை, மஞ்சள், மறுபடி நீலம். ஒவ்வொன்றும் நட்டின் இடுக்கில் சிக்கி, நசுங்கி, சுருண்டிருந்தன. அவள் அந்த மழைக்காலம் முழுக்கத் தைத்த உறைகளின் நிறம் எல்லாம் அதில் இருந்தது. மேலாக ஒரு பச்சை நூல், எண்ணெய் இன்னும் முழுதாக ஏறாமல்.

“மொத நூல் கெடச்சப்போ, எலி கொண்டுவந்து போட்டுதுன்னு நெனச்சேன்,” என்றார்.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

“ரெண்டாவது நூல் கெடச்சதும் ஒன்னைக் கேக்கலாம்னுதான் இருந்தேன். அப்புறம் கேக்கல. நீ தளத்துற வரைக்கும் எனக்கு வேல இருந்துச்சு.”

சக் சுற்றிக்கொண்டே இருந்தது.  மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

“ஓட்டு,” என்றார் மறுபடியும், மெதுவாக.

அவள் ஓட்டினாள். டூலின் நுனியிலிருந்து பித்தளை ஊசி ஊசியாகச் சிதறி, வெயில்பட்ட தூசி மாதிரி மினுங்கிக் கீழே விழுந்தது. அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டு, தலையணை உறையின் நீண்ட ஓரத்தை ஓட்டுகிற அதே கதியில், கடைசிவரை சுற்றினாள். அவர் மோட்டாரை நிறுத்தினார். கூம்பை அவளிடமே கழற்றச் சொன்னார். சூடாக இருந்தது. வெளிச்சத்தில் திருப்பினாள். அலை இல்லை. அவளுடைய முகத்தின் நிறம் மட்டும் அதில் நீளமாகத் தெரிந்தது.

“எறக்கு.”

அவள் கூம்பை வால்வுக் குழியில் இறக்கினாள். உள்ளே போய் உட்கார்ந்தபோது ஒரு சின்னச் சத்தம் வந்தது, வாயை மூடுகிற சத்தம் மாதிரி. அவர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். வால்வைக் கட்டைமேல் நிறுத்தினாள், தாளை விரித்தாள், தம்ளரில் இருந்த தண்ணீரை மேலே ஊற்றினாள். ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்லச் செய்தாள்.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு விழுந்தால் போதும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். வெளியே கூரை விளிம்பில் தண்ணீர் சொட்டும்போதெல்லாம் அவள் கண் தாளுக்குப் போய் வந்தது. தாள் காய்ந்தே கிடந்தது. டூலில் இருந்த பித்தளைத் தூள் ஒன்று காற்றில் நகர்ந்து அதன்மேல் விழுந்தது. வெயில் வந்தது, போனது. ஜன்னலோரம் தையல் மெஷின் இருந்த இடத்தில் நான்கு கால்களின் தடம் இன்னும் தரையில் தெரிந்தது.

“மச்சான் உன்கிட்ட ஒரு டாக்டரப் பத்திச் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. எந்தத் தெருவுல இருக்காரு?” என்றார்.

அவள் சொன்னாள்.

“மழ விட்ருக்கு. இன்னைக்கே போய்ட்டு வந்துடலாமா?”

“போலாங்க.”

ஆனால் இருவரும் எழுந்திருக்கவில்லை. வால்வின் மேல்வாயில் தண்ணீர் ஊற்றிய மட்டத்திலேயே, ஒரு நூல் அளவுகூட இறங்காமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை நீட்டி, வால்வின் அடியிலிருந்து தாளை உருவி எடுத்து, ஜன்னல் பக்கமாகத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் ஈரம் இல்லை. அவர் பிடியில் அந்தக் காய்ந்த தாள் சலசலவென்று சத்தமிட்டுக்கொண்டே இருந்தது.